நீலத் தார்ப்பாய்க்குள் ஒரு முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷமாகக் களிமண்ணோடும் பிளாஸ்டரோடும் பழகியவன் நான். சிலை செய்வதும், பிள்ளைகளுக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுப்பதும்தான் என் தொழில். பேச வரச்சொல்லி நிலையத்திலிருந்து கூப்பிட்டதும் எனக்கு ஒரு சிலைதான் நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் வைத்து அன்றைக்கே இறக்கிவிட்ட சிலை அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2015 ஏப்ரல் 6, திங்கட்கிழமை. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஒரு மேட்டின் மேல் ஃபோர்ட் கிரீன் பூங்கா இருக்கிறது. விடியாத இருட்டில், கட்டட வேலைக்காரர்கள் போடுகிற பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டையோடு சிலர் உள்ளே வந்தார்கள். நாலடி உயரத்தில், சுமார் 45 கிலோ எடையில் ஒரு மார்பளவுச் சிலை அவர்களிடம் இருந்தது. பூங்காவின் நடுவே நிற்கும் நினைவுச் சின்னத்தைச் சேர்ந்த ஒரு சிறிய தூணின் மேல் அதை ஏற்றி ஒட்டினார்கள். தூணின் அடியில் ‘ஸ்னோடன்’ என்று எழுத்துகளைப் பதித்துவிட்டுப் போய்விட்டார்கள். பொழுது விடிந்து பூங்காவுக்கு வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால், மூக்குக்கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் வெண்கல நிறத்தில் மேலே இருக்கிறான்.

வெண்கல நிறம்தான், வெண்கலம் இல்லை. தொழில்காரன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். முதலில் களிமண்ணில் முகத்தைப் பிடிக்க வேண்டும். அதன் மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, பிசிறு தட்டி, மேலே சாயம் ஏற்ற வேண்டும். இவர்கள் அடர்த்தியான ஒரு வகை பிளாஸ்டரில் வார்த்து, வெண்கலம் போலவே தெரியும்படி சாயம் பூசியிருந்தார்கள். படங்களைப் பார்த்தாலே கைத்திறன் தெரியும். கண்ணாடியின் விளிம்பு, முகவாயின் தாடி, சட்டைக் காலர் என்று எதிலும் அவசரம் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிட்டு ஓடப்போகிற சிலைதானே என்று கைபோன போக்கில் செய்தது இல்லை. நூறு வருஷம் நிற்கவேண்டியதைச் செய்கிற பக்குவத்தில் செய்தது. அப்புறம் அந்தப் பசை. பின்னால் கழற்றினால் தூணுக்குச் சேதம் வராத பசையாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். சிலை இறக்கப்படும் என்று தெரிந்தேதான் அவ்வளவு பாடுபட்டார்கள். என்னை அந்தச் சிலையோடு கட்டிப்போட்டது இந்த விஷயம்தான்.

யோசனை ஜெஃப் கிரீன்ஸ்பான், ஆண்ட்ரூ டைடர் என்ற இருவருடையது. வடித்தவர் டாயல் டிராங்கினா. பெயர்கள் பின்னால்தான் வெளியே வந்தன.

சரி, எட்வர்ட் ஸ்னோடன் யார்? அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைக்காக, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக வேலை பார்த்த கணினித் தொழில்நுட்பர். 2013 ஜூனில், 29 வயதில், ஹாங்காங்கில் உட்கார்ந்து பத்திரிகையாளர்களிடம் ரகசிய ஆவணங்களைக் கொடுத்தார். அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் யாரை அழைத்தார்கள், எப்போது அழைத்தார்கள், எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்ற பதிவையெல்லாம் அரசு மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்தது அதில்தான் வெளியே வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, அந்த ஆண்டு மார்ச்சில், செனட் குழுவின் முன்னால் தேசிய உளவுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் உட்கார்ந்திருந்தார். லட்சக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றித் தகவல் திரட்டுகிறீர்களா என்று ரான் வைடன் என்ற செனட்டர் நேரடியாகக் கேட்டார். இல்லை ஐயா என்பதுதான் கிளாப்பர் சொன்ன பதில். தெரிந்தே அப்படிச் செய்வதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அது உண்மை இல்லை என்று நாட்டுக்குத் தெரிந்தது ஸ்னோடனால்தான்.

ஸ்னோடன் மேல் உளவுச் சட்டப்படி வழக்குப் பாய்ந்தது. மாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு மாதத்துக்கு மேல் சிக்கிக் கிடந்தார். பிறகு ரஷ்யா தஞ்சம் கொடுத்தது. சிலை வைப்பதற்கு முந்தின நாள் ராத்திரி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், டைம்ஸ் சதுக்கத்தில் போகிறவர் வருகிறவரிடம் ஸ்னோடன் யார் என்று கேட்டதைக் காட்டினார்கள். பல பேருக்குத் தெரியவில்லை. வெளிவந்து இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, அதற்குள் மறதி.

இனி இடத்துக்கு வருகிறேன். எந்த மேடு கிடைத்தாலும் சரி என்று அவர்கள் அங்கே வைக்கவில்லை. அந்த நினைவுச் சின்னம் சிறைக் கப்பல் தியாகிகளுடையது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, பிடிபட்டவர்களை ஆங்கிலேயர்கள் பழைய கப்பல்களின் அடித்தளத்தில் அடைத்து, புரூக்ளினை ஒட்டிய வாலபவுட் குடாவில் நிறுத்தி வைத்தார்கள். ஜெர்சி என்ற கப்பல்தான் எல்லாவற்றிலும் மோசம். பாய்மரம் பிடுங்கிய பழைய போர்க்கப்பல் அது, அதற்குள் ஆயிரம் பேருக்கு மேல் அடைத்திருந்தார்கள். அம்மை, சீதபேதி, பட்டினி. காலையில் தளத்துக் கதவைத் திறந்து, செத்தவர்களை வெளியே கொடுங்கள் என்று காவலர்கள் கூவுவார்களாம். ஆங்கிலக் கடற்படையில் சேர்ந்துகொண்டால் விடுதலை என்று ஆசை காட்டியும் பெரும்பாலானோர் மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சுமார் 11,500 பேர் அந்தக் கப்பல்களில் செத்தார்கள் என்பது கணக்கு. போர்க்களத்தில் செத்தவர்களைவிட அதிகம்.

அவர்களுக்கு அரசு உடனே சிலையா வைத்தது? கரைச் சேற்றில் அவசரமாகப் புதைத்த எலும்புகள் வருஷக்கணக்காக அலையில் வெளியே வந்துகொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் பொறுக்கிச் சேர்த்தார்கள். 1808இல் ஒரு சின்னக் கல்லறை எழுந்தது. 1873இல்தான் எலும்புகள் இந்த மேட்டுக்கு வந்தன. இன்று நாம் பார்க்கிற 149 அடி உயரத் தூணைக் கட்டி முடித்துத் திறந்தது 1908 நவம்பரில். போர் முடிந்து 125 வருஷம் கழித்து! அந்த நூற்றுச் சொச்ச வருஷமும் எலும்புகளை நினைவில் வைத்திருந்தது அக்கம்பக்கத்து ஜனங்கள்.

ஸ்னோடன் சிலையை இந்த மேட்டில் வைத்ததால்தான் கோபமும் வந்தது. நாட்டுக்காக உயிர் விட்ட பதினோராயிரம் பேரின் எலும்புக்கு மேலே, நாட்டை விட்டுப் போன ஒருவனுக்குச் சிலையா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சாவுக்கு ஒரு மரியாதை உண்டு. ஸ்னோடன் எடுத்துப்போன ஆவணங்களில் பெரும்பகுதி தனிமனித அந்தரங்கத்தோடு சம்பந்தமில்லாத ராணுவ ரகசியங்கள் என்று, பின்னால் 2016இல், பிரதிநிதிகள் சபையின் உளவுத் துறைக் குழு அறிக்கையும் கொடுத்தது. திரும்பி வந்து நீதிமன்றத்தில் நிற்கட்டும் என்றும் நிறையப் பேர் சொன்னார்கள். ஆனால் அந்த 1917ஆம் வருஷத்து உளவுச் சட்டத்தின் கீழ், பொதுநன்மைக்காகத்தான் வெளியிட்டேன் என்று சொல்லித் தப்ப வழி கிடையாது. எதற்காகச் செய்தான் என்று நடுவர்கள் யோசிக்கவே இடம் கொடுக்காத வழக்கில் வந்து நில் என்று சொல்வது, எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு பக்கம், சட்டம். நகரப் பூங்காவில் அனுமதி இல்லாமல் எதையும் நிறுவக் கூடாது என்றது பூங்காத் துறை. சரிதான். ஆளாளுக்குச் சிலை வைத்தால் பூங்கா என்ன ஆகும்? மதியவாக்கில் ஊழியர்கள் வந்து நீலத் தார்ப்பாயைத் தலையோடு சுற்றிக் கட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பட்டறையில் ஈரக் களிமண் காயாமலிருக்க நாங்களும் முகத்தைத் துணியால் மூடுவோம், ஆனால் அது பாதுகாக்க மூடுவது. சற்று நேரத்தில் சிலையையும் இறக்கி, பெயர் எழுத்துகளையும் எடுத்துவிட்டார்கள். அந்த ஊழியர்கள் மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை. அவர்கள் வேலை அது.

ஆனால் இதே நகரத்தில், இதே பூங்காத் துறையில், முன்பு ஒன்று நடந்திருக்கிறது. 1989 டிசம்பரில் ஆர்டுரோ டி மோடிகா என்ற சிற்பி, மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வெண்கலக் காளையைத் தன் சொந்தக் காசில் செய்து, நள்ளிரவில் லாரியில் கொண்டுவந்து பங்குச் சந்தைக் கட்டடத்தின் முன்னால் இறக்கிவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை, யாரும் அனுமதி தரவில்லை. அன்றைக்கே அப்புறப்படுத்தினார்கள். ஜனங்கள் சத்தம் போட்டதும் சில நாளிலேயே பூங்காத் துறையே இடம் கொடுத்து, பக்கத்தில் போலிங் கிரீனில் நிறுத்தியது. தற்காலிகம் என்று சொல்லி வைத்த காளைதான் இன்று உலகம் முழுக்கப் படமாகத் தெரிகிற வால் ஸ்ட்ரீட் காளை. ஆக, அனுமதி இல்லாமல் வந்த சிலைக்கு அப்புறம் அனுமதி கொடுக்க அந்த நகரத்துக்குத் தெரியும். காளையை யாருக்கும் பயமில்லை, அவ்வளவுதான்.

என் தொழிலில் நான் கண்டது ஒன்று. சிலைக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர் கையில் பணமோ பதவியோ, இரண்டுமோ இருக்கும். அரசாங்கத்துக்கு ஆகாத ஒரு மனிதனுக்குச் சிலை செய்து கொடு என்று முன்பணத்தோடு எந்த அதிகாரியும் பட்டறைப் படி ஏறியது கிடையாது. அனுமதி கேட்டு, குழு கூடி, கையெழுத்து வாங்கித்தான் வைக்க வேண்டும் என்றால் அரசின் குற்றத்தைச் சொன்னவனுக்கு என்றைக்கும் சிலை வராது. அதனால்தான் இருட்டில் ஏறி வைத்த அந்த மனிதர்களை என்னால் போக்கிரிகள் என்று நினைக்க முடியவில்லை.

மறுநாள் விடிவதற்குள் வேறொரு கலைக்குழு, இல்யூமினேட்டர் என்று பெயர், அதே தூணுக்கு வந்தது. முதல் குழுவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காற்றில் புகை கிளப்பி, அதன் மேல் புரொஜெக்டரால் ஸ்னோடனின் உருவத்தைக் காட்டினார்கள். தார்ப்பாய் போட்டு மூட முடியாத சிலை. கொஞ்ச நேரம் நின்று கலைந்துவிட்டது.

அடுத்த மாதம் மே 1ஆம் தேதி, பெர்லினின் அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் இத்தாலியச் சிற்பி டேவிடே டோர்மினோ, ஸ்னோடனையும், அவரைப் போலவே அரசு ரகசியங்களை வெளியே கொண்டுவந்த அசாஞ்சே, மேனிங் இருவரையும் ஆளுயர வெண்கலத்தில், ஆளுக்கொரு நாற்காலி மேல் நிற்க வைத்தார். பக்கத்தில் நாலாவது நாற்காலி காலியாக இருந்தது, யார் வேண்டுமானாலும் ஏறி நின்று பேசலாம். அது முறைப்படி பட்டப்பகலில் வைத்தது. நல்ல வேலைதான். ஆனாலும் புரூக்ளின் சிலை என்னைத் தொட்ட அளவுக்கு அது தொடவில்லை. ஜெர்மன் அரசுக்கு அந்த வெண்கலத்தால் ஒரு நஷ்டமும் இல்லையே.

புரூக்ளின் சிலை காவல் துறையின் கையில் ஒரு மாதம் இருந்தது. வழக்கறிஞர் ரான் கூபி கலைஞர்களுக்காகப் பேசினார். மே முதல் வாரத்தில் சிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கிரீன்ஸ்பானும் டைடரும் கட்டியது ஆளுக்கு 50 டாலர் அபராதம். மூடியிருந்த நேரத்தில் பூங்காவுக்குள் இருந்தார்கள் என்பதுதான் எழுதிய குற்றம்.

அதே வாரம், மே 7ஆம் தேதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளியதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்றது. அந்த நீதிமன்றம் மன்ஹாட்டனில் இருக்கிறது. ஃபோர்ட் கிரீன் மேட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் வந்துவிடும். ஜூன் 2ஆம் தேதி, அப்படி அள்ளுவதை நிறுத்தும் புதுச் சட்டத்தில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்துப் போட்டார். ஸ்னோடன் சொன்னதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. சொன்ன மனிதர் மேல் போட்ட வழக்கு மட்டும் அப்படியே இருந்தது. 2022இல் ரஷ்யா அவருக்குக் குடியுரிமை கொடுத்தபோதும் அந்த வழக்கு இருந்தது.

இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.