கன்று ஒன்று, மண் வேறு

நடுவர் அவர்களே, வணக்கம். "பழத்தின் ருசிக்குப் பெரிதும் காரணம் ரகமா, மண்ணா?" என்பது தலைப்பு. மண்தான் என்பது எங்கள் அணி; மண் என்றால் அந்த இடத்துக் குளிரும் மழையும் சேர்த்துத்தான். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, "ரஸ்தாளியை எங்கே நட்டாலும் ரஸ்தாளிதானே காய்க்கும், பூவனா காய்க்கும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி, ஒப்புக்கொள்கிறேன். செவ்வாழையின் தோல் சிவப்பதும் ரகத்தால்தான். ஆனால் நாம் பேச வந்தது தோலைப் பற்றி இல்லை, ருசியைப் பற்றி.

நான் வாழையைப் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. மாங்கொட்டையைப் போட்டால் தாய் ஒன்றாகவும் பிள்ளை வேறாகவும் போகலாம். நாம் தின்னும் வாழையில் முளைக்கிற விதை கிடையாது. பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். தாயின் மரபணு அப்படியே கன்றுக்கும் வருகிறது. ரகத்தை மாற்றாமல் மண்ணை மட்டும் மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல பயிர் ஏது?

எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து நிழலில் நின்ற விருப்பாச்சி என்னும் மலைவாழையின் கன்றை என் மாமா கொண்டுவந்து, கீழே சமவெளியில், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் நட்டார். தார் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் உரித்தால் விரலில் ஈரம் ஒட்டியது, வாசம் இல்லை. மலைப்பழம் அப்படியா? சதை இறுகி, இனிப்போடு லேசான புளிப்பும் சேர்ந்து, தின்று முடித்த பிறகும் வாயில் மணம் நிற்கும். மாமா அடுத்த வருஷமே அந்த வாழையைத் தோண்டிப் போட்டுவிட்டார்.

மலையில் 2000 அடிக்கு மேல், குளிரில், மழையை மட்டும் நம்பிக் காய் நிதானமாக முற்றுகிறது. பழத்தில் நீர் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தத்தைச் சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைகிறார்களே, அதற்கு இந்தப் பழம்தான் தோது.

தங்கை சொன்ன ரஸ்தாளிக்கே வருகிறேன். கர்நாடகத்தின் நஞ்சன்கூடு ரசபாளையும் ரஸ்தாளி இனம்தான். ஆனால் இன்ன ஊரில் விளைந்தது என்பதற்குச் சட்டப்படி தரும் புவிசார் குறியீடு எல்லா ரஸ்தாளிக்கும் கிடைக்கவில்லை, நஞ்சன்கூட்டில் விளைவதற்குத்தான் கிடைத்தது. விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளுக்கும் அப்படித்தான், ஊர் பெயரில்.

இன்னும் ஒன்று. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து என்னும் வைரஸ் நோய் கீழ்ப்பழனி மலையில் வாழையைப் பெருமளவு அழித்தது. அப்புறம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கியது. ரகம் கண்ணாடிக் குடுவைக்குள் பத்திரமாக இருந்தது. ரகம் மட்டும் போதும் என்றால், தண்ணீரும் சாலையும் உள்ள சமவெளியிலேயே அதை நட்டிருக்கலாமே? ஏன் நடுவர் அவர்களே, மறுபடியும் மலைக்குச் சுமந்துபோய் நட்டார்கள்?