பூனையிடம் ஜின் வாங்கிய கதை

நடுவர் அவர்களே, எங்கள் அணியே, எதிர் அணியே, பெங்களூர் டிசம்பர் குளிருக்கு ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மாட்டிக்கொண்டு கிளப் ஹவுசுக்கு வந்திருக்கும் நம் அபார்ட்மெண்ட் தமிழ்க் குடும்பங்களே, வணக்கம். குழந்தைகள் எல்லாரும் மேல் மாடியில் படம் பார்க்கிறார்கள் என்று செயலாளர் இரண்டு முறை உறுதி சொன்னார். அப்படியென்றால் ஆரம்பிக்கலாம்.

'காக்டெயிலுக்குச் சுவை கூட்டுவது பழைய பாணி ஜின்னா, புதிய பாணி ஜின்னா?' இதுதான் தலைப்பு. பழைய பாணியே என்று பேச வந்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இந்த அணி வந்தது. வேறு அணி வந்திருந்தால் அதற்கும் இதே குரலில் பேசியிருப்பேன். இந்த நேர்மைக்காகவாவது நடுவர் இரண்டு மதிப்பெண் போட வேண்டும்.

ஒரு விளக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜின் என்றால் ஜூனிப்பர் என்ற செடியின் காய் வாசனை ஏற்றிய சாராயம். பழைய ஜின் என்றால் உங்கள் அப்பா பீரோவில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்து மறந்துபோன பாட்டில் இல்லை. பழைய முறையில் செய்த ஜின். ஹாலந்துக்காரர்களின் ஜெனிவர், கொஞ்சம் இனிப்பான ஓல்ட் டாம், கப்பற்படையோடு சேர்த்துச் சொல்லப்படும், 57 சதவீதம் ஆல்கஹால் உள்ள நேவி ஸ்ட்ரெங்த். இவர்கள்தான் எங்கள் கட்சிக்காரர்கள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கையில் பாட்டிலோடு வந்தார். சங்குப்பூ போட்ட நீல ஜின். எலுமிச்சைச் சாறு விட்டார், ஊதா ஆனது. நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் தம்பி, இதையே பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் என்று சொல்லி இலவசமாகக் காட்டினார்கள். எங்கள் பக்கம் எலுமிச்சம்பழத்தைக் காட்டியதும் ஒருத்தர் நிறம் மாறினால் கைதட்ட மாட்டார்கள். வேப்பிலையைத் தேடுவார்கள்.

அதோடு விட்டாரா? "பழையது என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது. அதை வீட்டு ஆட்கள் சாப்பிடலாம், விருந்தாளிக்கு வைக்க முடியுமா? எதிரணி பழைய சோற்று அணி" என்றார். நடுவர் அவர்களே, நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அதை இந்தத் துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

தம்பி, வசமாக மாட்டிக்கொண்டீர்கள். ஜெனிவரை எப்படிச் செய்கிறார்கள்? முளைகட்டிய பார்லி, ரை, மக்காச்சோளம், இப்படித் தானியங்களை அரைத்து வெந்நீரில் கரைக்கிறார்கள். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். புளித்ததைக் காய்ச்சி வடித்தால் அதற்கு மால்ட் ஒயின் என்று பெயர். அதில் ஜூனிப்பர் காயின் வாசனையை ஏற்றினால் ஜெனிவர். சரி, தானியம், தண்ணீர், பொறுமை, புளிப்பு. இதற்கு நம் வீட்டில் என்ன பெயர்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா. பழைய சோறு! 'ஜின்' என்ற பெயரே ஜெனிவர் இங்கிலாந்துக்குப் போய்ச் சுருங்கியதுதான். அதாவது ஜின்னுக்குத் தாத்தா பழைய சோறு. பேரனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து தாத்தாவைக் கிண்டல் செய்கிறார் தம்பி!

விருந்தாளிக்கு வைக்க முடியுமா என்று கேட்டீர்கள். இதே ஊரில் பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் ஊற்றி, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து, விருந்தாளிக்குத்தான் தருகிறார்கள். வீட்டு ஆட்கள் அந்த விலை கொடுத்துச் சாப்பிட மாட்டார்கள். இன்னொன்றும் கேளுங்கள். ஜூனிப்பருக்கு அடுத்தபடியாக ஜின்னில் முக்கியமானது எது தெரியுமா? கொத்தமல்லி விதை. அப்புறம் அதிமதுரம், ஏலக்காய், பட்டை, சிலவற்றில் வால்மிளகு. இது ஜின்னா, என் மாமியார் இருமலுக்குப் போடும் கஷாயமா? அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஜின்னில் பாதி வேலை முடிந்தது. இதில் சங்குப்பூவுக்கு என்ன அவசரம்?

சரி, பழைய சோற்றிலேயே நான்கு நிமிடம் போய்விட்டது. இப்போது ஒரு கதை சொல்கிறேன். இதற்காகத்தான் மைக்கைப் பிடித்தேன், மற்றதெல்லாம் சும்மா.

லண்டன். ஏழை பாழை எல்லாரும் ஜின்னில் மிதந்துகொண்டிருந்த காலம். அரசாங்கம் பார்த்தது. 1736-ல் ஒரு சட்டம் போட்டது. ஜின் விற்க வேண்டுமானால் ஆண்டுக்கு 50 பவுண்டு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தக் காலத்து 50 பவுண்டு! திருட்டுத்தனமாக விற்பவரைக் காட்டிக்கொடுத்தால் சன்மானம். தெருவெல்லாம் காட்டிக்கொடுப்பவர்கள். அப்போது டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்று ஓர் ஆள், கேப்டன் என்று சொல்லிக்கொள்வார். சும்மா இருந்தாரா? சட்டத்தை வாங்கி உட்கார்ந்து படித்தார். திரும்பத் திரும்பப் படித்தார். சட்டத்தைப் படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு, நடப்பதற்காகப் படிப்பவர்கள், கடப்பதற்காகப் படிப்பவர்கள். இவர் இரண்டாம் வகை. கதவை உடைத்து உள்ளே வர அந்தச் சட்டத்தில் இடமில்லை. வீட்டை எடுத்தவர் பெயர் தெரியாமல் காட்டிக்கொடுப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. கண்டுபிடித்துவிட்டார்!

தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு சந்தில் வீடு பிடித்தார். ஜின்னோடு உள்ளே போனார், தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலில் ஒரு பூனைப் பலகையை அடித்தார். பூனை வாயில் காசு போட வழி. பூனையின் பாதத்துக்கு அடியில் ஒரு ஈயக் குழாய், உள்பக்கம் ஒரு புனல். ஆள் வருவார். இரண்டு பக்கமும் பார்ப்பார். காசைப் பூனை வாயில் போடுவார். "பூசே, ரெண்டு பென்னிக்கு ஜின் கொடு!" உள்ளே காசு விழும் சத்தம் கேட்டதும் பிராட்ஸ்ட்ரீட் புனலில் ஊற்றுவார். பூனைக் காலில் இருந்து ஜின் வரும்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடியும் சொல்கிறேன். லண்டன் மழை. கோட்டுப் போட்ட கனவான். மரப் பூனைக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். "பூசே, ரெண்டு பென்னிக்குக் கொடு." வீட்டுக்குப் போகிறார். மனைவி கேட்கிறாள், எங்கே போயிருந்தீர்கள்? "ஒரு பூனையைப் பார்த்துவிட்டு வந்தேன்." பொய்யா? பொய்யில்லை! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். இந்தப் பூனை வாயைத் திறந்தது, லண்டனுக்கே கண் இருண்டது. இன்றைக்கு ஏ.டி.எம். கண்டுபிடித்தோம் என்று பெருமைப்படுகிறோமே, அன்றைக்கே ஒரு மரப் பூனை அந்த வேலையைச் செய்தது. கார்டு மாட்டிக்கொள்ளும் என்ற பயமும் கிடையாது. நான் கட்டிவிடவில்லை, 1755-ல் வெளியான தன் வாழ்க்கைக் கதையில் அந்த மனிதரே எழுதி வைத்திருக்கிறார். அத்தனை பெரிய அரசாங்கம், பூனைக்கு மணி கட்ட முடியவில்லை.

இதோ, நடுவர் மணி அடித்துவிட்டார். எனக்குக் கட்டிவிட்டார்.

இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா. ஆண் பூனைக்கு ஆங்கிலத்தில் டாம். அதனால்தான் அந்த இனிப்பு ஜின்னுக்கு ஓல்ட் டாம் என்று பெயர் வந்தது என்பார்கள். இல்லையில்லை, ஜின் காய்ச்சிய டாம் என்ற ஒரு பெரியவரின் பெயர் என்று இன்னொரு கட்சியும் உண்டு. இருக்கட்டும், எனக்குப் பூனைதான் வேண்டும். அன்றைய ஜின் கரகரவென்று தொண்டையை அறுக்கும். அதை மறைக்கத்தான் இனிப்பு. 1830-ல் ஏனியாஸ் காஃபி என்பவர் ஒரு புது வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கினார், சாராயம் சுத்தமாக வந்தது, இனிப்புக்குத் தேவை குறைந்தது, இனிப்பில்லாத லண்டன் டிரை ஜின் தலையெடுத்தது. ஓல்ட் டாம் மெல்ல மறைந்தது. 2007-ல் ஜின் காய்ச்சும் ஹேமன்ஸ் குடும்பம் அதை மறுபடி பாட்டிலில் கொண்டுவந்தது.

கலக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். டாம் காலின்ஸ் என்றால் ஜின், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, சோடா. துபாயில் இருந்து வந்த மச்சான் ஓல்ட் டாம் கொண்டுவந்தபோது, டிரை ஜின்னுக்கு ஊற்றும் அளவுக்கே பாகையும் ஊற்றிவிட்டேன். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "முந்திரி மட்டும்தான் குறைகிறது" என்றாள். பாகைப் பாதியாகக் குறைத்தேன், எலுமிச்சை சரியாக நின்றது. மார்ட்டினி என்ற காக்டெயிலுக்கு அண்ணன் போன்ற மார்ட்டினெஸ் இருக்கிறதே, அதை 1887-ல் வந்த, அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸின் புத்தகத்தில் பாருங்கள், ஓல்ட் டாம்தான் போடச் சொல்கிறது. ஜின்னைவிட வெர்மூத் என்ற மூலிகை ஒயின் அதிகம்! இன்றைக்கு அப்படிக் கலந்து கொடுத்தால் தம்பி போன்றவர்கள் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஐயா, இரண்டாவது மணியும் கேட்டது. உட்காருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீட்டு விஷயத்தில் பொய் சொன்னேன். எனக்கு விழுந்த சீட்டில் 'புதிய பாணி' என்றுதான் இருந்தது. நான்தான் கெஞ்சி மாற்றிக்கொண்டேன்.

இந்த ஊர் கன்டோன்மெண்ட் 1809-ல் வந்தது. பட்டாளத்தோடும் பட்டாளத்துக்குப் பின்னாலும் வந்த தமிழர்கள் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தங்கிவிட்டார்கள். நாங்கள் அந்த வம்சம். என் அப்பா ஒரு கிளப் பாரில் 38 வருடம் நின்றார். வின்ஸ்டன் சர்ச்சில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனாரே, அந்த கிளப் இல்லை, வேறொன்று. அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் வந்து என் போர்வையைச் சரிசெய்யும்போது கையில் எலுமிச்சை வாசம் அடிக்கும். அந்த வாசத்தில்தான் அப்பா வந்துவிட்டார் என்று தெரியும்.

அங்கே ரிட்டயரான ராணுவ அதிகாரிகள் பிங்க் ஜின் கேட்பார்களாம். அதற்கு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் வேண்டும். 1824-ல் வெனிசுவேலாவில் ஒரு ஜெர்மன் வைத்தியர் வயிற்றுக்காகச் செய்த கசப்பு மருந்து அது. சில சொட்டு விட்டு, கிளாஸைச் சாய்த்துச் சுழற்ற வேண்டும், உள்பக்கம் முழுக்கச் சிவப்புப் படியும். அப்புறம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இன் ஆர் அவுட், சார்?" மீதி பிட்டர்ஸ் கிளாஸிலேயே இருக்கட்டுமா, கொட்டிவிடட்டுமா என்று அர்த்தம். அதன்பிறகுதான் ஜின். யார் இன், யார் அவுட் என்று அப்பாவுக்கு அத்தனை பேருடையதும் மனப்பாடம். ஆனாலும் கேட்பார். கேட்பதுதான் மரியாதை என்பார்.

கடைசி இரண்டு வருடம் அப்பாவுக்கு ஒன்றும் நினைவில் இல்லை. அம்மா போனது தெரியாது. என் பெயர் தெரியாது. ஒருநாள் மாத்திரைக்காக எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை. டம்ளரைச் சாய்த்தார், மெதுவாகச் சுழற்றினார். தண்ணீர் ஒரு சுற்று வந்து நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இன் ஆர் அவுட், சார்?"

"இன்" என்றேன். கொட்டாமல் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

வணக்கம்.