ஜல்லிக்கு ஒரு சட்டை

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி மழை விட்டதும் மன்னார்குடிப் பக்கம் கிராமத்து ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? தார் ஒரு பக்கம், ஜல்லி ஒரு பக்கம் கிடக்கும்.

முப்பது வருடம் சாலை வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தாருக்கு எதிரி தண்ணீர். தேங்கி நின்றால் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து உரித்துவிடும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் இதற்கொரு வழி கண்டார். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பால் கவரைத் தூவினால், அரை நிமிடத்தில் இளகிக் கல்லுக்குச் சட்டை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல்தான் தார். 2002-இல் கல்லூரிக்குள்ளேயே அப்படி ஒரு சாலை போட்டார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

எங்கள் ஊர் டீக்கடைக்காரர் நம்பவில்லை. "சித்திரை வெயிலுக்கு உருகி டயர்ல ஒட்டாதா சார்?" என்றார். பால் கவர் இளக நூறு டிகிரிக்கு மேல் வேண்டும், நம் ரோடு அறுபத்தைந்தைத் தொட்டாலே பெரிது என்றேன். ம்ஹூம். சரி என்று இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் வெறும் தார் ஜல்லி, மற்றதில் சட்டை போட்ட ஜல்லி போட்டு, கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சில நாளில் முதல் பாட்டிலில் ஓரம் ஓரமாக வெள்ளை தெரிந்தது. "கல்லு பல்லைக் காட்டுது சார்" என்றார். பக்கத்து பாட்டிலில் கருப்பு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சாக்கில் சேர்த்தார். ஒருநாள் பார்த்தால், உள்ளே கல்யாண பிளெக்ஸ் பேனர்! அது மட்டும் கூடாது. பிளெக்ஸும் பைப் துண்டும் பிவிசி என்ற வேறு வகை பிளாஸ்டிக்; சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கலவை போடுகிறவர் நெஞ்சுக்குள் போகும். பால் கவர் சரி, பிளெக்ஸ் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், பிளெக்ஸ் வேண்டாம்.

இன்னொன்று. நம் டெல்டா மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே எந்தச் சட்டை போட்டாலும், அடியில் கிராவல் கெட்டிக்காமல், ஓரத்தில் வாய்க்கால் வெட்டாமல் விட்டால், பெல்ட் வைத்த அறுவடை மெஷின் ஒரு போகத்துக்கு ஏறி இறங்கினால் போதும், ரோடு அமுங்கிவிடும். இதைச் சொன்னால் ஒப்பந்தக்காரர்களுக்குப் பிடிக்காது.

வீடு கட்டுவதைப் பற்றியும் பேச நினைத்தேன், அதற்குள் நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். சுவரில் ஓதம் ஏறும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தரையிலும் அது வரும். தளம் போடுமுன் மணல்மேல் தடித்த பாலித்தீன் ஷீட் விரியுங்கள், ஒட்டுப் போடும் இடத்தில் ஒரு ஷீட் மற்றதன்மேல் ஒரு சாண் ஏறட்டும், கொத்தனார் கம்பியால் குத்தாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.