ரூல்ல இருந்தா பத்தாது, சட்டத்துலயே இருக்கணும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். தேர்தலைப் பத்திப் பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. எந்தக் கட்சி ஜெயிக்கும்னு சொல்ல நான் வரல. நாம போட்ட ஓட்டுக்கு என்ன பாதுகாப்பு இருக்கு, அது எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு, எது எழுதாம விட்டுப்போயிருக்கு, அதைத்தான் பேசப்போறேன். நான் ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், சர்வீஸ்ல இருந்தப்போ பிரிசைடிங் ஆபீசரா, அதாவது ஒரு பூத்துக்குப் பொறுப்பான அதிகாரியா, எலக்‌ஷன் டியூட்டி பார்த்திருக்கேன், அதனால பூத்துக்குள்ள என்ன நடக்கும்னு கொஞ்சம் தெரியும்.

முதல்ல ஒரு பழைய கேஸ் சொல்றேன். 1982ல கேரளாவுல பரூர் சட்டமன்றத் தொகுதி. நம்ம நாட்டுலயே முதல் தடவையா ஓட்டு மெஷின் வச்சது அங்கதான், அதுவும் 50 பூத்ல மட்டும், மத்த பூத்ல எல்லாம் பழைய வாக்குச்சீட்டு. சிவன் பிள்ளை 123 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார், எதிர்த்து நின்ன ஏ.சி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார், கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. மெஷின்ல தில்லுமுல்லு நடந்துச்சுன்னு கோர்ட் சொல்லவே இல்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துலயும் சரி 1961 தேர்தல் நடத்தை விதிகள்லயும் சரி, வாக்குச்சீட்டு பத்திதான் எழுதியிருக்கு, மெஷின்னு எங்கயும் இல்ல, அரசியலமைப்புச் சட்டத்தோட 324வது பிரிவுல எங்களுக்கு அதிகாரம் இருக்குன்னு தேர்தல் கமிஷன் சொன்னதும் செல்லல, சட்டம் ஒரு வழி சொல்லியிருக்கும்போது அந்த வழியிலதான் போகணும்னு 1984ல தீர்ப்பு வந்துச்சு. அந்த 50 பூத்லயும் வாக்குச்சீட்டு வச்சு திரும்ப ஓட்டுப்பதிவு நடந்துச்சு, இந்தத் தடவை ஜோஸ் ஜெயிச்சார்.

அப்புறம்தான் பார்லிமென்ட் முழிச்சுக்கிச்சு. 1989ல சட்டத்தைத் திருத்தி 61ஏன்னு ஒரு பிரிவு போட்டாங்க, மெஷின்ல ஓட்டு வாங்கலாம்னு. அதே திருத்தத்துல 58ஏன்னு இன்னொண்ணும் வந்துச்சு. பூத்தை கைப்பத்தினா ஓட்டுப்பதிவை நிறுத்தலாம், நிலைமை மோசம்னா அந்தத் தொகுதி தேர்தலையே ரத்து பண்ணலாம். அந்தக் காலத்துல பல மாநிலத்துல அடியாளை வச்சு பூத்துக்குள்ள புகுந்து மொத்தமா குத்திட்டுப் போறது பெரிய பிரச்சனையா இருந்துச்சு, அதுக்கான பதில் அந்த 58ஏ. நோயைப் பார்த்து சட்டத்துலயே மருந்து எழுதினாங்க, எனக்கு அந்தத் திருத்தத்து மேல ரொம்ப மரியாதை உண்டு.

இப்போ விவிபாட்டுக்கு வர்றேன், ஓட்டு மெஷினோட சேர்த்து வைக்கிற, ஸ்லிப் அடிக்கிற மெஷின் அது. பட்டன் அமுக்கினதும் கண்ணாடிக்குப் பின்னாடி 7 செகண்ட் ஒரு ஸ்லிப் தெரியும் இல்லையா, வரிசை நம்பர், கேண்டிடேட் பேர், சின்னம், அதைப் பார்த்தாதான் நம்ம ஓட்டு சரியா விழுந்துச்சுன்னு நமக்குத் தெரியும். 2013ல நாகாலாந்து நோக்சென் இடைத்தேர்தல்ல ஆரம்பிச்சு 2019 லோக்சபா தேர்தல்ல எல்லா பூத்துக்கும் வந்துடுச்சு. ஆனா விவிபாட்டுங்கிற விஷயம் சட்டத்துக்குள்ள இல்ல, விதிகள்லதான் இருக்கு. விதியை மாத்த பார்லிமென்ட்ல ஓட்டெடுப்பு வேண்டாம், மத்திய அரசு தேர்தல் கமிஷன்கிட்ட கலந்துக்கிட்டு கெஜட்ல போட்டா போதும். ஸ்லிப்பை எவ்வளவு எண்ணணும்கிறது சட்டத்துல அறவே கிடையாது, 2019ல சுப்ரீம் கோர்ட் சொன்னதால ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத்னு எண்ணுறாங்க. 2024 ஏப்ரல் தீர்ப்புல ஸ்லிப் எல்லாத்தையும் எண்ணணும்கிற கோரிக்கையை கோர்ட் ஏத்துக்கல, அதுக்குப் பதிலா, ரெண்டாவது மூணாவது இடம் வந்தவங்க 7 நாளுக்குள்ள எழுதிக் கொடுத்து கேட்டா 5 சதவீத மெஷினோட சிப்பை செக் பண்ணலாம்னு சொல்லிச்சு. எல்லாமே கோர்ட் படியேறி ஒவ்வொண்ணா வாங்கினது. எத்தனை பூத் எண்ணணும், கணக்கு இடிச்சா அடுத்து என்ன, மொத்தத் தொகுதியையும் எப்போ எண்ணணும், இதெல்லாம் சட்டத்துல நேரா இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு விதி இருக்கு, 49எம்ஏ, பொதுவா யாருக்கும் தெரியாது. நான் அமுக்கினது ஒண்ணு ஸ்லிப்ல வந்தது ஒண்ணுன்னு ஒரு ஓட்டர் சொன்னா பிரிசைடிங் ஆபீசர் அவர்கிட்ட எழுத்துல டிக்ளரேஷன் வாங்கணும், பொய்யா இருந்தா தண்டனை உண்டுன்னு முன்னாடியே சொல்லணும், அப்புறம் ஏஜென்ட்டுங்க முன்னாடி டெஸ்ட் ஓட்டு போட வைக்கணும். நான் இருந்த ஒரு பூத்ல நடுத்தர வயசு அம்மா ஒருத்தங்க வந்து, ஐயா சின்னம் மாறி வந்த மாதிரி இருந்துச்சுன்னாங்க. நான் ஃபார்மை எடுத்து, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னு படிச்சுக் காட்டினேன், காட்டித்தான் ஆகணும், அதுதான் விதி. அந்தம்மா ஃபார்மைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, வேணாங்கய்யா நான் சரியா பார்க்கலன்னு சொல்லிட்டு கிளம்பிட்டாங்க. டெஸ்ட் ஓட்டுல மெஷின் சரியா காட்டிட்டா தப்பு ஓட்டர் மேலதான்னு ஆயிடும், அந்தப் பயம் யாருக்கு இல்லாம இருக்கும்? வேணும்னே கலாட்டா பண்றவனைத் தண்டிக்கலாம், சந்தேகம் வந்து நல்ல மனசோட சொன்னவங்களைக் குற்றவாளி மாதிரி நிக்க வைக்கக் கூடாது.

அடுத்து 17சி ஃபார்ம். ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் கன்ட்ரோல் யூனிட்ல, அதாவது ஓட்டு மெஷின்ல எங்ககிட்ட இருக்கிற பாகத்துல, க்ளோஸ் பட்டன் அமுக்குவோம், அதுக்கப்புறம் ஒரு ஓட்டுகூட உள்ள போகாது. எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு மெஷின் காட்டும், 17ஏ ரிஜிஸ்டர்ல எத்தனை பேர் கையெழுத்து போட்டாங்களோ அதோட ஒத்துப் பார்த்து, கன்ட்ரோல் யூனிட் நம்பர், சீல் நம்பர் எல்லாம் சேர்த்து 17சில எழுதி பூத் ஏஜென்ட்டுங்களுக்கு ஒரு காப்பி கொடுக்கணும். காலைல மாக் போல்ல, அதாவது மெஷினைச் சோதிக்கிற மாதிரி ஓட்டுப்பதிவுல ஆரம்பிச்சு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த பசங்க, சில பேர் காப்பி வாங்காமயே வீட்டுக்குப் போயிடுவாங்க, நானே கேட்டுக்குப் போய் கூப்பிட்டு கையில கொடுத்திருக்கேன். ஏன்னா கவுன்ட்டிங் அன்னிக்கு மெஷினைத் திறக்கும்போது அந்தத் தாள்ல இருக்கிற நம்பரும் மெஷின்ல வர்ற நம்பரும் ஒண்ணா இருக்கணும், ஒரு ஓட்டு கூடினாலும் குறைஞ்சாலும் கையும் களவுமா தெரிஞ்சிடும். மொத்த தேர்தலுக்கும் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

அந்த சாட்சியைப் பொதுஜனம் பார்க்க முடியுமா? அதே 1961 தேர்தல் நடத்தை விதிகள்ல 93வது விதில, சீல் வச்ச சில பேப்பர் தவிர தேர்தல் சம்பந்தமான மத்த பேப்பர் எல்லாம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கணும்னு இருந்துச்சு. ஹரியானா தேர்தல் சம்பந்தமா சிசிடிவி பதிவையும் 17சி காப்பியையும் கொடுக்கச் சொல்லி பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் 2024 டிசம்பர்ல சொல்லிச்சு, அதே மாசம் 20ஆம் தேதி விதியைத் திருத்தி "இந்த விதிகள்ல குறிப்பிட்ட" பேப்பர் மட்டும்னு சேர்த்துட்டாங்க. அதோட சிசிடிவி பதிவு அதுக்குள்ள வராதுன்னு ஆயிடுச்சு. அடுத்த வருஷம் மே மாசம், தேர்தல் வழக்கு எதுவும் இல்லன்னா 45 நாள் கழிச்சு அந்தப் பதிவை அழிச்சிடலாம்னு கமிஷன் சொல்லிடுச்சு. ஓட்டருங்களோட, முக்கியமா பெண்களோட பிரைவசி பாதிக்கும்னு கமிஷன் ஒரு காரணம் சொல்லுது, அதை நான் லேசா எடுத்துக்கல, முகத்தை மறைச்சுக் கொடுக்க வழி இருக்கு, கோர்ட் மேற்பார்வைல காட்டவும் வழி இருக்கு. என் மனசு ஆறாத விஷயம் வேற. ஒரு ஹைகோர்ட் கொடுன்னு சொன்ன பதினைஞ்சு நாளுக்குள்ள, பார்லிமென்ட்ல ஒருத்தர்கூட எழுந்து கேள்வி கேட்காம, ஒரு கெஜட் நோட்டிஃபிகேஷன்ல மக்களோட உரிமை சுருங்கிப்போச்சு. இதே வரி சட்டத்துக்குள்ள இருந்திருந்தா மசோதா கொண்டுவந்திருக்கணும், பேசியிருக்கணும், பேப்பர்ல வந்திருக்கும், நீங்களும் நானும் கேட்டிருப்போம்.

மசோதா வந்தா மட்டும் எல்லாம் சரியாயிடுமான்னு நீங்க கேட்கலாம், நியாயம்தான். தேர்தல் கமிஷனருங்களைத் தேர்ந்தெடுக்க பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி மூணு பேர் குழு, பார்லிமென்ட் சட்டம் போடுற வரைக்கும் இப்படின்னு 2023 மார்ச்ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் சொல்லிச்சு. 2015லயே சட்ட கமிஷன் தன் 255வது அறிக்கைல அதே மூணு பேரைத்தான் சொன்னது. ஆனா 2023 டிசம்பர்ல வந்த சட்டத்துல தலைமை நீதிபதியை எடுத்துட்டு பிரதமர் நியமிக்கிற ஒரு கேபினட் மந்திரியைப் போட்டாங்க, மூணுல ரெண்டு ஆளுங்கட்சி, அந்த சமயத்துல எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் ரெண்டு சபையிலயும் சேர்த்து சஸ்பெண்ட் ஆகியிருந்தாங்க. அதைத் திரும்ப மாத்தணும்னுதான் நான் சொல்வேன். ஆனா இதுலயும் ஒண்ணு பாருங்க, சட்டமா வந்ததாலதான் யார் என்ன செஞ்சாங்கன்னு நாட்டுக்கே தெரியுது, இன்னிக்கு வரைக்கும் பேசுறோம்.

கடைசியா ஓட்டுக்குப் பணப் பட்டுவாடா, இது நம்ம வீட்டு விஷயம். 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல ஆர்.கே.நகர், எல்லாம் பணத்தால ரத்து ஆச்சு. 2019ல வேலூர் லோக்சபா தொகுதி, ஏப்ரல் 18 ஓட்டுப்பதிவு, 16ஆம் தேதி ராத்திரி ரத்துன்னு செய்தி வருது, வருமானவரித்துறை சோதனைல 11 கோடிக்கு மேல பணம் பிடிபட்டிருந்துச்சு. ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் அங்க தேர்தல் நடந்துச்சு. மத்த தொகுதிக்கெல்லாம் எம்.பி. இருந்தாங்க, அந்த ஊர் மக்களுக்கு மட்டும் பார்லிமென்ட்ல ஆள் இல்ல. எந்தப் பிரிவுல ரத்து பண்ணாங்கன்னு தேடினா, பணத்துக்குன்னு ஒரு பிரிவே இல்ல! 324ஐயும், ஒரு உத்தரவு போட அதிகாரம் இருந்தா அதை ரத்து பண்ணவும் அதிகாரம் உண்டுன்னு சொல்ற பொது உட்கூறுகள் சட்டத்தையும் (General Clauses Act) ஒட்டவச்சு ஜனாதிபதி உத்தரவு வாங்கித்தான் செஞ்சாங்க. ஆள் வச்சு பூத்தைப் பிடிச்சா ரத்து பண்ண 58ஏ இருக்கு, காசு கொடுத்து தெருவையே பிடிச்சா சட்டத்துல ஒரு வரி இல்ல. பணம் கொடுத்தா தேர்தலை ரத்து பண்ண 58பின்னு ஒரு பிரிவு சேருங்கன்னு 2016லயே கமிஷன் கேட்டுச்சு, மத்திய அரசு ஒத்துக்கல, பணம் கொடுத்தாங்கன்னு நிரூபிக்க விசாரணை வேணும்னு காரணம் சொன்னாங்க.

விசாரணை வேணும்தான், அதையும் அதே பிரிவுல எழுதலாமே. வருமானவரித்துறை, கமிஷன் அனுப்புற பார்வையாளர் (அப்சர்வர்) ரெண்டு பேர் அறிக்கையும் இருக்கணும், கேண்டிடேட்டுக்கு பதில் சொல்ல டைம் கொடுக்கணும், ரத்து பண்ணா இத்தனை நாளுக்குள்ள மறுதேர்தல் நடத்தணும், பணம் கொடுத்தது உறுதியானா அதே ஆள் அந்த மறுதேர்தல்ல நிக்கக் கூடாது. கூடவே கட்சி செலவுக்கும் உச்சவரம்பு வேணும், லோக்சபா கேண்டிடேட்டுக்கு நம்ம மாநிலத்துல 95 லட்சம்னு இருக்கு, கட்சிக்கு எல்லையே இல்ல. இதை முதல்ல கேட்க வேண்டியது தமிழ்நாட்டு எம்.பி.க்கள், எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, நாலு தொகுதி ரத்தானது நம்ம மாநிலத்துல. அரசு கொண்டுவரலன்னா தனிநபர் மசோதாவாவது தாக்கல் பண்ணுங்க, உங்க ஊர் எம்.பி. ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டு 58பி பத்தி என்ன செஞ்சீங்கன்னு நேயர்களும் கேளுங்க. நன்றி, வணக்கம்.