"அப்பாவுக்கு எத்தனை வருஷம், டாக்டர்?"

(பினாங்கு ஜார்ஜ் டவுனில், சிறுநீரகக் குழாய்ப் புற்று நோயாளிகளின் குடும்பத்தாரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். மழையில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்தவர்கள் கடைசி வரிசையில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். தே தாரிக் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

அறுவை முடிந்து வெளியே வந்தால், மூத்த மகன் என்னை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்பார்: "அப்பாவுக்கு எத்தனை வருஷம், டாக்டர்?" நான் ஒளிக்கிறேன் என்று நினைப்பார். இல்லை ஐயா, அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தெரியாது.

சிறுநீரகத்தின் உட்குழிவிலும், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயிலும் வருகிற புற்று இது. சிறுநீர்ப் பாதையின் உட்தோலில் வரும் புற்றுகளில் 100க்கு 5 முதல் 10 வரைதான் இந்த மேல்பகுதியில் வரும். வழக்கமாக, சிறுநீரகத்தையும் குழாயையும் அது சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தோடு எடுத்து, சதைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். மகனுக்கான பதில் அந்த அறிக்கையில்தான் வரும்.

ஒரு அம்மா அந்தத் தாளை நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்ற வரியில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். நான் வேறொரு வரியில் விரலை வைத்தேன்: சுவருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? உட்தோலோடு நின்றதா, தசையைத் தாண்டி வெளிக்கொழுப்பைத் தொட்டதா? அப்புறம் புற்றின் தரம், அதாவது அது எவ்வளவு மூர்க்கமானது என்பது, நெறிக்கட்டி, இரத்தக் குழாய்க்குள் புற்றணு நுழைந்ததா என்பது. அளவும் கணக்கில் உண்டு, ஆனால் ஆழத்துக்குப் பின்னால்தான். சிறுநீர்ப்பையை விட இந்தக் குழாயின் சுவர் மெல்லிசு; கண்டுபிடிக்கும்போதே பாதிப் பேருக்கு மேல் உள்ளே இறங்கியிருக்கும்.

வயது, ஸ்டேஜ், தரம் எல்லாம் போட்டால் 5 வருஷக் கணக்குச் சொல்லும் அட்டவணைகள் இருக்கின்றன. நானும் பார்ப்பேன். அது 100 பேரின் கணக்கு. அதில் உங்கள் அப்பா எந்த இடத்தில் நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஜாதகம் மாதிரி என்று கேலி செய்வார்கள். ஜாதகம் பிறந்த நேரத்தோடு நின்றுவிடும். இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு மூன்று வருஷம்தான் கண்டம். நோய் திரும்பாமல் அதைத் தாண்டியவருக்கு, அறுவை அன்று சொன்ன எண் பழசு. மறுபடி வந்து கேளுங்கள்.

கீமோவும் கணக்கை மாற்றும். அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் கீமோ தொடங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்ததாக 2020இல் வந்த பிரிட்டன் ஆய்வு சொன்னது. ஆனால் சிஸ்பிளாட்டின் மருந்தை மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் தாங்க வேண்டுமே. நம் வீடுகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் இனிப்புநீர் இல்லாத அப்பா எத்தனை பேர்?

இடையில் ஒன்று. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுத்து இதே புற்றைக் கொண்டுவருவது. சில சீன மூலிகைகளிலும் இருக்கிறது. வீட்டில் கஷாயம் குடித்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பலர் எத்தனை வருஷம் என்பதையே நினைத்துக்கொண்டு, சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பை மறந்துவிடுகிறார்கள். மேலே எடுத்தாலும், நாலில் ஒருவருக்காவது கீழே சிறுநீர்ப்பையில் மறுபடி தலைகாட்டும். முதல் ஸ்கோப் 3 மாதத்தில். அந்த அம்மா தேதி கேட்டார். அதே தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

சரி, தே வந்துவிட்டது. பின்வரிசைக்கு முதலில் கொடுங்கள்.