இருபது நிமிடத்தில் என்ன பேசுகிறோம்?

அனைவருக்கும் வணக்கம்.

நன்னடத்தை அலுவலர் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது கையெழுத்துதான். நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு விடும். அவர் சொன்ன நாளில் வந்து கையெழுத்துப் போடுவார். நாங்கள் அதைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் சிலரும் அப்படி எண்ணித்தான் வருகிறார்கள். ஃபைல் கூடிப்போனால் அனுபவம் உள்ளவர்களும் அங்கேயே போய் நின்றுவிடுகிறார்கள். கையெழுத்துக்கு முன்னும் பின்னும் அந்த அறையில் ஒரு இருபது நிமிடம் கிடைக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். என்னைக் கேட்டால் எங்கள் வேலையின் உயிர் அதற்குள்தான் இருக்கிறது.

இந்த வேலை தொடங்கியதே ஒரு பேச்சில்தான். 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைக்கும் தொழிலாளி நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். குடித்த குற்றத்துக்காகக் கந்தல் உடையில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அகஸ்டஸ் எழுந்துபோய் அவரிடம் சில வார்த்தைகள் பேசினார். இந்த ஒருமுறை தப்பவிட்டால் இனி குடிக்க மாட்டேன் என்றார் அந்த மனிதர். அகஸ்டஸ் ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து இருவரும் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் விதித்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அகஸ்டஸ் 1859-ல் சாகும்வரை இதையே செய்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார். ஒருவரை ஏற்கும் முன் அவருடைய வயது, நடத்தை, யாரோடு பழகுகிறார் என்பதையெல்லாம் விசாரிப்பார். ஏற்றபின் வேலை தேடிக்கொடுப்பார், தங்க இடம் பார்ப்பார், நீதிமன்றத்துக்குத் தகவல் சொல்வார். இன்றைக்கு நாம் விசாரணை அறிக்கை, மேற்பார்வை என்று சொல்வதெல்லாம் அன்றே அவர் கையில் இருந்தது. சம்பளம் மட்டும் கிடையாது.

1878-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டு இதைச் சம்பளம் உள்ள பதவியாக்கியது. இங்கிலாந்தில் 1907-ல் சட்டம் வந்தது. அறிவுரை சொல்ல வேண்டும், உதவ வேண்டும், நண்பராக இருக்க வேண்டும் என்று அலுவலரின் கடமையை அந்தச் சட்டமே எழுதிவைத்தது. இந்தியாவில் 1958-ல் வந்த சட்டத்திலும் அறிவுரையும் உதவியும் கடமைகளாக இருக்கின்றன. கண்காணிப்பதும் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் கண்காணிப்பு மட்டுமே போதும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சரி, அந்த இருபது நிமிடத்துக்கு வருவோம். கனடாவின் மேனிடோபா மாகாணத்தில் அலுவலர்களும் அவர்களிடம் வருகிறவர்களும் பேசுவதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2008-ல் வெளிவந்தன. கண்டது இதுதான்: நிபந்தனைகளைப் பற்றியே பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசிக் கழிந்த இடத்தில், மறுபடி குற்றம் செய்தவர்கள் அதிகம். அதைச் சுருக்கமாக முடித்துவிட்டுக் குற்றத்துக்கு இழுத்துப்போகும் விஷயங்களைப் பேசிய இடத்தில் குறைவு. எனக்கு இது வியப்பாக இல்லை. “ஏன் நேரத்துக்கு வரவில்லை, சீட்டு எங்கே, முகவரி மாறியதை ஏன் சொல்லவில்லை” என்று கால்மணி நேரம் கேட்டால், எதிரில் இருப்பவர் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பது.

முதல் சந்திப்பை எப்படி நடத்துவது என்று கேட்பார்கள். நான் உத்தரவை மேஜைமேல் வைத்து, நிபந்தனை ஒவ்வொன்றையும் சாதாரணப் பேச்சில் சொல்லிவிடுவேன். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். தலையை ஆட்டுவதை நம்பக்கூடாது. நீதிமன்றத்தில் உத்தரவு வாசிக்கும்போது ஜெயில் இல்லை என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் காதில் விழுந்திருக்காது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதைச் சொல்லவும் கூச்சம். திருப்பிச் சொல்லும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும். எதை முடியாது என்று நினைக்கிறார் என்பதும் அப்போதே வெளிவந்துவிடும். இரவு ஷிப்டில் வேலை பார்க்கிறவரைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் இரண்டாம் வாரமே வராமல் போவார். மாலைக்கு மாற்றினால் வருவார். அவ்வளவுதான் விஷயம், ஆனால் இதைக் கேட்காமல் விட்டதால் மீறல் அறிக்கை வரை போன கேஸ்கள் உண்டு.

அந்த முதல் நாளிலேயே இன்னொன்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். “நான் உங்களுக்கு உதவுவேன். ஆனால் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவன். நீங்கள் சொல்வதில் இன்னின்னவற்றை நான் மறைக்க முடியாது.” இதைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். சொல்லாமல் நல்லவராக நடித்து, பிறகு அறிக்கையில் எழுதும்போதுதான் நம்பிக்கை போகும். அதன் பிறகு அந்த ஆள் உங்களிடம் மட்டுமல்ல, அடுத்து வரும் அலுவலரிடமும் வாயைத் திறக்க மாட்டார்.

எல்லோரையும் ஒரே அளவு இறுக்கிப் பிடிப்பது தவறு. பார்ப்பவர்களுக்கு இது புரியாது. முதல்முறை சிறு தவறு செய்தவர், வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அவரை வாரம் இருமுறை வரச் சொல்லி, பயிற்சி வகுப்பில் முரடர்களோடு உட்கார வைத்தால் என்ன ஆகும்? விடுப்பு எடுத்து எடுத்து வேலை போகும், புதுச் சகவாசம் சேரும். அவரைத் தாங்கிப் பிடித்திருந்த இரண்டையும் நாமே அறுத்துவிடுகிறோம். ஒஹாயோ மாநிலத்தில் 2002-ல் வெளியான ஆய்வு இதையே காட்டியது. மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து குறைந்தவர்களைத் தீவிரத் திட்டங்களில் போட்டபோது அவர்கள் திரும்பக் குற்றம் செய்வது கூடியது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் திட்டங்கள் பயன் தந்தன. நம் நேரம் கொஞ்சம். அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது.

பெரியவர்களிடம் பேச வேண்டியவை பெரும்பாலும் கையால் தொட்டுக் காட்டக்கூடியவை. எங்கே தூங்குகிறார், சம்பள நாளன்று பணம் யார் கைக்குப் போகிறது, குடி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, கடைசியாக அடிதடி நடந்தபோது கூட இருந்தது யார். “நீ ஏன் இப்படி இருக்கிறாய்” என்று கேட்டால் தலையைக் குனிவார். “போன சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டால் கதை வரும். எந்த இடத்தில் வேறு வழி இருந்தது என்று அவரே விரலை வைப்பார். அந்த இடத்தை நாம் காட்டினால் அறிவுரை, அவர் கண்டுபிடித்தால் அது அவருடையது. காத்திருங்கள். பேச்சு நின்றவுடன் நிரப்பிவிடாதீர்கள்.

பதினாறு வயதுப் பையனிடம் இதே முறை எடுபடாது. அம்மாவோடு வந்து உட்காருவான். நீங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்வார், அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பான். “அம்மா, பத்து நிமிடம் வெளியே இருங்கள், அப்புறம் உங்களோடு தனியாகப் பேசுகிறேன்” என்று சொல்லி அனுப்புங்கள். நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசுவது அந்த வயதில் விசாரணை போலத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஏதோ கேட்டபடி அவனோடு நடந்தால், அறையில் ஒரு மாதம் வராதது வந்துவிடும்.

அவன் எதற்காகச் செய்தான் என்று கேட்டால் “தெரியல” என்பான். அது பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் உண்மையிலேயே தெரியாது. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. சிலரைத் தனியாக விளையாடவிட்டார்கள், வேறு சிலரைச் சமவயதுக்காரர்கள் பக்கத்தில் இருக்க விளையாடவிட்டார்கள். கூட ஆள் இருந்தபோது துணிந்து ஆபத்தில் இறங்குவது கூடியது. அந்தக் கூடுதல் பெரியவர்களைவிடப் பதின்ம வயதினரிடம் அதிகமாக இருந்தது. ஆகவே சிறுவர்களிடம் நான் முதலில் கேட்பது “என்ன செய்தாய்” என்பதல்ல, “யார் யார் இருந்தீர்கள்” என்பது.

சிறுவர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு, பெற்றோர்கள் இதைக் கேட்க வேண்டும். பதின்ம வயதில் குற்றம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வயது ஏற ஏற அதை விட்டுவிடுகிறார்கள். இது பல நாடுகளில் பார்த்து உறுதியானது. காலம் நம் பக்கம் இருக்கிறது. அந்தக் காலம் வரும்வரை பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகாமல், வீட்டுக் கதவு சாத்தப்படாமல், அவன் பெயரில் ஒரு முத்திரை விழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பயமுறுத்தித் திருத்துகிறேன் என்று இறங்காதீர்கள். 1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குள் சிறுவர்களைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளைக் கத்தவைத்து மிரட்டினார்கள். மற்ற இடங்களும் அதைப் பார்த்துப் பின்பற்றின. பிறகு ஒழுங்கான ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றும் செய்யாமல் விட்ட சிறுவர்களைவிட மிரட்டப்பட்டவர்களே அதிகமாகக் குற்றத்தில் இறங்கியது தெரிந்தது. இன்றும் “சார், ஒரு நாள் உள்ளே வைத்துப் பயம் காட்டுங்கள்” என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டுப் பேசுகிறாயே என்று யாருக்காவது தோன்றினால், அந்தக் கேள்வி நியாயமானது. திருடு கொடுத்தவரும் அடிவாங்கியவரும் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வன்முறை நடந்த கேஸ் என்றால் கணவன் பக்கத்தில் இருக்க, மனைவியிடம் “இப்போது எப்படி இருக்கிறீர்கள்” என்று கேட்பது வீண், சில நேரம் ஆபத்தும்கூட. அவரைத் தனியாக, வேறு இடத்தில், வேறு நாளில் பார்க்க வேண்டும். நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால், அங்கே ஒரு மீறலுக்குக்கூட இரக்கம் காட்டக்கூடாது. ஒரு நாள் வரத் தவறியதும், தடை செய்த வீட்டுவாசலில் போய் நின்றதும் ஒன்றல்ல. முதலாவதற்குக் காரணம் கேட்டு, எச்சரித்து, நேரத்தை மாற்றிக்கொடுக்கலாம். இரண்டாவதை அன்றே நீதிமன்றத்துக்கு எழுதியாக வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் போடுகிற அலுவலர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுப்பார், யாரையும் காப்பாற்றியிருக்க மாட்டார்.

எழுதும்போது கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். “குடித்துவிட்டு வந்தார்” என்பது உங்கள் தீர்ப்பு. “பேச்சு குழறியது, மது வாடை வந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்” என்பது பார்த்தது. “திமிராகப் பேசினான்” என்ற இரண்டு வார்த்தை ஒரு பையனின் ஃபைலில் பல ஆண்டுகள் கூடவே போகும். உங்களுக்குப் பின் வரும் அலுவலர் அவனைப் பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் படிப்பார். நன்றாக நடந்ததையும் எழுதுங்கள். எட்டு முறை நேரத்துக்கு வந்ததை யாரும் குறிப்பதில்லை, ஒன்பதாவது முறை வராததுதான் சிவப்பு மையில் ஏறுகிறது. நீதிபதி முன்னால் அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.

கடைசியாக, மேற்பார்வைக் காலம் முடிகிற கட்டம். நிறையப் பேர் இதை ஒரு முத்திரையோடு முடித்துவிடுகிறார்கள். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் சந்திப்பை மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் காலடி நழுவிவிடும், அவர்களுக்கு வாரத்தில் பொறுமையாகக் காதுகொடுத்த ஒரே ஆள் நீங்களாக இருந்திருக்கலாம். இனி சிக்கல் வந்தால் யாரிடம் போவார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அண்ணன், முதலாளி, பழைய ஆசிரியர், யாராவது ஒருவர் பெயர் வர வேண்டும். பெயர் வரவில்லை என்றால் அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். சிறுவர்கள் என்றால் பதிவுகள் பற்றியும் பேசுங்கள். சிறார் வழக்கு ஆவணங்கள் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்று 1985-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பெய்ஜிங் விதிகள் சொல்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்று அவனுக்கும் வீட்டாருக்கும் தெரியாமல் இருந்தால், அந்தப் பாதுகாப்பு காகிதத்தோடு நின்றுவிடும். உங்கள் ஊரில் சட்டம் இதில் என்ன சொல்கிறதோ அதைத் தெரிந்துகொண்டு, கடைசிச் சந்திப்பில் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள்.