சட்டம் குழாய் போட்டது, வளைத்தது யார்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, சற்றுமுன் பேசிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு அமர்ந்திருக்கும் எதிரணித் தோழரே, வணக்கம்.

'சென்னையின் சுற்றுச்சூழலைக் காக்கப் பெரிதும் வேண்டுவது வீட்டுப் பழக்கமா, அரசின் சட்டமா?' என்பது தலைப்பு. வீட்டுப் பழக்கமே என்று சொல்ல வந்திருக்கிறேன். தோழர் இரண்டு கேள்விகளை வீசினார். "இவர்கள் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எண்ணூர் சுத்தமாகிவிடுமா?" என்றார். பிறகு, "2003-இல் சட்டம் போட்டதால்தானே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வந்தது?" என்றார். வடசென்னையின் தொழிற்சாலைப் பகுதியான எண்ணூருக்குக் கடைசியில் போகலாம், தூரம் அதிகம். மழைநீரைப் பேச்சில் கொண்டுவந்ததற்கு அவருக்கு நன்றி. நான் எடுக்க நினைத்த நூல்முனையை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நங்கநல்லூரில் 12 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். எங்கள் கட்டடத்திலும் மழைநீர்க் குழாய் உண்டு, தொட்டி உண்டு. சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரை தட்டின. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் கிணற்றில் வாளியை விட்டால் 'டங்' என்று தரையில் மோதும் சத்தம் கேட்டது. லாரித் தண்ணீருக்குப் பதிந்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், யாருக்கோ அந்த மழைநீர்த் தொட்டியின் நினைவு வந்தது.

மூடியைத் திறந்தோம். இரண்டாம் மாடியில் குளியலறையை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. சரி, குழாயாவது இருக்கிறதே என்று பார்த்தால், அது தொட்டிக்கே வரவில்லை. காரின்மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்ள, அதை வளைத்துத் தெரு வடிகாலில் விட்டிருந்தார்கள். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் யார் என்று சங்கத்தின் பழைய நோட்டைக் கோபத்தோடு புரட்டினேன். முன்மொழிந்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். வழிமொழிந்த இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

சட்டம் எங்கள் வீட்டுக்குக் குழாய் போட்டது, நடுவர் அவர்களே. வளைத்தது நான்.

ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 1,30,000 லிட்டர்! 12,000 லிட்டர் லாரி என்றால் பத்து லாரிக்கு மேல். பாதி வழியிலேயே வீணானாலும் ஐந்து லாரி நம் தலைக்கு மேலே காசு கேட்காமல் வந்து நிற்கிறது. அதைப் பிடிக்க என்ன வேண்டும்? ஐப்பசி பிறக்கும் முன் மொட்டை மாடியைப் பெருக்க வேண்டும். முதல் மழையை வெளியே விட்டு அழுக்கைக் கழுவவிட வேண்டும். தொட்டியில் கூழாங்கல்லும் மணலும் கரியும் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் மாடிக்கு எந்த அதிகாரியும் துடைப்பத்தோடு வரப்போவதில்லை. இப்போது முதல் மாடிப் பாட்டி வருகிறார். மழைக்காலம் முடியும்வரை மாடியில் வற்றல் காயப்போட யாருக்கும் அனுமதி கிடையாது. இது பாட்டி போட்ட சட்டம். இதை மீற எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் துணிவில்லை.

ஏசியைப் பாருங்கள். 2020 ஜனவரி முதல், ஏசியைப் போட்டால் அது தானாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. அரசு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. ரிமோட் நம் கையில்! 18-இல் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்கிறோம். சித்திரை மாதத்தில் சென்னையில் கம்பளி!

குப்பைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. பேட்டரி வண்டி தொட்டிகளோடு காலையில் வாசலுக்கே வருகிறது. நாம் என்ன கொடுக்கிறோம்? ஒரே கறுப்புக் கவர். அதற்குள் நேற்றைய சாம்பார், உடைந்த கண்ணாடி டம்ளர், குழந்தையின் டயப்பர். அதைப் பிரிப்பது யார்? வண்டியோடு வரும் அந்த அம்மா, தன் கையால். எங்கள் தெருவில் அப்படி ஒருவரின் விரலைக் கண்ணாடி கிழித்ததைப் பார்த்தேன். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க எத்தனை நொடி ஆகும்?

இந்த நகரம் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை போடுகிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலைமலையாகச் சேர்ந்தது அதுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஏப்ரலில், அதை ஒட்டியுள்ள பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் காற்றுப் புகாமல் மலைக்கடியில் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது, அது எரியக்கூடியது. அந்தத் தோலை எந்தத் தொழிற்சாலையும் அனுப்பவில்லை, தோழரே. அது என் அரிவாள்மணையிலிருந்து போனது.

இப்போது எங்கள் வீட்டுத் தோல் ஒரு மண்பானைக்குள் போகிறது. தொடக்கத்தில் நாற்றம் தாங்கவில்லை. புழு நெளிந்தது. "இந்தப் பானை இருக்கட்டும், நான் என் மகள் வீட்டுக்குப் போகிறேன்" என்று மாமியார் பெட்டியைக் கட்டிவிட்டார். ஈரத்துக்குச் சமமாகக் காய்ந்த இலையைப் போட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. போட்டேன், நாற்றம் போயிற்று. பானையும் இருக்கிறது, மாமியாரும் இருக்கிறார். அந்த உரத்தில் விளைந்த கத்தரிக்காயைத் தன் மகளுக்குக் கொடுத்தனுப்புகிறார்.

பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி முதல் தேதியே வந்துவிட்டது. தராசுக்கு அடியில் கவரை ஒளித்துவைக்கும் கடைக்காரரை எதிரணியினர் திட்டினார்கள். நான் பூக்கார அம்மாவிடம் கேட்டேன், "ஏனம்மா, முன்பு வாழை இலையில்தானே கட்டித் தருவீர்கள்?" அவர் சொன்னார்: "இலையில் கட்டினால் ஸ்கூட்டரில் மாட்ட முடியவில்லை என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்." இரண்டு முழம் மல்லிகைக்காக அரசாங்கத்தையே தோற்கடிக்கிறோம்.

சரி, எண்ணூர். 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது. மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. அதற்கு என் மஞ்சப்பை மருந்தாகுமா? ஆகாது. அங்கே கடுமையான சட்டம்தான் வேண்டும்; இல்லை என்று நான் வாதிட்டால் அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம். இந்த இடத்தில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. ஆனால் எண்ணூரைக் காட்டி, மூட்டை கட்டிய கறுப்புக் கவரை நியாயப்படுத்த விடமாட்டேன். "பெரியவன் திருடுகிறான், நான் சின்னதாகத் திருடினால் என்ன?" என்பது வாதமா? இன்னொன்றும் உண்டு. எங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறிய பிறகுதான், தெரு வடிகாலில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி எங்கள் சங்கம் முதல் மனுவை எழுதியது. அதற்கு முன் அந்த வடிகால் எங்கே போகிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கையை அழுக்காக்கிக்கொண்டவர்களுக்குத்தான் அடுத்தவனைக் கேள்வி கேட்கும் குரல் வருகிறது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம். இந்த மேடையில் நமக்காகப் பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். இதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எதிரணியின் மூன்று பாட்டில்களும் காலியாகிவிட்டன, பேச்சு அப்படி. நடுவர் அவர்களே, தங்கள் பாட்டிலின் மூடி மட்டும் இன்னும் திருகப்படாமல் இருக்கிறது. எங்கள் அணி வீட்டிலிருந்து ஒரு கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறது, டம்ளரும் ஒன்று அதிகமாக இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் முன் தொண்டையை நனைத்துக்கொள்ளுங்கள், ஐயா.